கீழ்நோக்கி மட்டும் அடித்த கை

என் அண்ணன் கிட்டார் வாசித்தான் என்று எழுதினால் சரியாக இருக்காது. அடித்தான். வலது கை மேலிருந்து கம்பிகளின் மேல் விழும். திரும்ப மேலே போகும்போது எதையும் தொடாது. மறுபடி விழும். ஒரு பாட்டு முடிவதற்குள் உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் தோல் உரிந்திருக்கும். கம்பிகள் வந்து முடிகிற இரும்புப் பட்டையை பிரிட்ஜ் என்பார்கள். அதில் ரத்தமும் வியர்வையும் சேர்ந்து காய்ந்து, திருகுகள் துருப்பிடித்துப் போகும். அவ்வப்போது அதைக் கழற்றி, தின்னரில் ஊறவைத்து, பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்துக் கொடுப்பது தங்கையான என் வேலை.

நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா முடித்து, ரேடியோ கேசட் பிளேயர்களுக்கான சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயில்வே யார்டில் வேலை பார்த்தார். மெதடிஸ்ட் குடும்பம். அண்ணன் கிட்டார் பழகியது சர்ச்சில்தான். அங்கே வாசித்துக்கொண்டிருந்த மரக் கிட்டாரை அப்பா கதவு நிலையில் அடித்து உடைத்தது, அவன் முடி தோளைத் தொட்ட வருடம். அதற்குப் பிறகுதான் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினான்.

ஹெவி மெட்டல் கேட்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த இசைக்குழுக்களில் பெரும்பாலும் இரண்டு கிட்டார்கள் இருக்கும். ஒன்று லீட். பாட்டின் நடுவில் எல்லாரையும் நிறுத்திவைத்து, கிட்டாரின் கழுத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு வேகமாகத் தனியாக வாசிப்பவர். அதன் பெயர் சோலோ. மற்றது ரிதம். பாட்டு தொடங்கியதிலிருந்து முடியும்வரை அடித்தளத்தை அடித்துக்கொண்டே இருப்பவர். பத்திரிகைகளில் வரும் படங்கள் எல்லாம் லீட்டின் படங்கள். ரிதம்காரர் படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கையாக இருப்பார். ஆனால் ஒரு மெட்டல் பாட்டிலிருந்து சோலோவை எடுத்துவிட்டால் கொஞ்சம் குறையுள்ள பாட்டு மிஞ்சும். ரிதமை எடுத்துவிட்டால் பாட்டு மிஞ்சாது. யாரோ ஒருவர் தனியறையில் அழுவது போல ஒரு சத்தம் மிஞ்சும். தொழிற்சாலையில் இடைவேளையின்போது ஹெட்போனில் பல பாட்டுகளை இப்படி மனதுக்குள் பிரித்துப் பிரித்துக் கேட்டிருக்கிறேன். முடிவு ஒவ்வொரு தடவையும் இதுதான்.

அண்ணன் ரிதம்.

அவன் கை ஏன் கீழ்நோக்கி மட்டும் அடித்தது என்பதற்குக் காரணம் இரண்டு பிழைகள். முதலாவது, எங்களுக்குக் கிடைத்த கேசட்டுகள். ஒருவர் வெளியூரிலிருந்து வாங்கிவந்ததை இன்னொருவர் பதிவு செய்து, அதை இன்னொருவர் பதிவு செய்து, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக் கடை வழியாக எங்களிடம் வரும்போது கூர்மையான சத்தங்கள் எல்லாம் தேய்ந்திருக்கும். கிட்டார் 'தம் தம்' என்று சுவரில் இடிப்பது போலத்தான் கேட்கும். வெளிநாட்டு வாசிப்பாளர்கள் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடிக்கிறார்கள் என்பது அந்த மங்கலில் தெரியாது. ஒவ்வொரு 'தம்'மும் மேலிருந்து விழுகிற ஓர் அடி என்று அண்ணன் எடுத்துக்கொண்டான். இரண்டாவது, எங்கள் வீட்டு கேசட் பிளேயரின் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. எல்லாப் பாட்டுகளும் மெதுவாகவும் தாழ்ந்த சுருதியிலும் ஓடின. அண்ணன் கம்பிகளைத் தளர்த்தி அந்தச் சுருதிக்கு இறக்கிக்கொண்டான். மெதுவாக ஓடியதால் எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடிக்க அவனால் முடிந்தது.

டிப்ளோமா படிக்கும்போது ஒரு விடுமுறையில் அந்த பெல்ட்டை மாற்றினேன். பாட்டு திடீரென்று பாய்ந்து ஓடியது. அண்ணன் அறையிலிருந்து வந்தான்.

"என்னா பண்ண நீ? பாட்டக் கெடுத்து வச்சிருக்க!"

"நான் ஒண்ணும் கெடுக்கல. இதான் அதோட உண்மையான ஸ்பீடு. இவ்ளோ நாளா நீதான் தூக்கத்துல நடக்கிற பாட்டக் கேட்டுக்கிட்டு இருந்த."

"இந்த வேகத்துல எவன் லா அடிப்பான்?"

"அவன் அடிச்சிருக்கான் இல்ல."

அதை அவன் சவாலாக எடுத்துக்கொண்டான். பழைய பெல்ட்டைப் போடச் சொல்லவில்லை. அந்த வேகத்துக்கு, கீழ்நோக்கி மட்டும் அடித்து, கையைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். மணிக்கட்டு வீங்கியது. முன்கை தடித்தது. சட்டைக் கையின் பட்டனைப் போட முடியவில்லை. வலி தாங்காமல் சுவரில் தலையை இடித்துக்கொள்வான். அப்புறம் மறுபடி தொடங்குவான். வெகுநாள் கழித்து யாரோ கொண்டுவந்த வீடியோ டேப்பில் அந்த வெளிநாட்டுக் குழுவைப் பார்த்தோம். அவர்களுடைய ரிதம்காரரின் கை மேலும் கீழும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தான். இன்னொரு தடவையும் பார்த்தான்.

"ஏமாத்துறான்," என்றான்.

அவன் குழுவில் நான்கு பேர். பாடிக்கொண்டே பேஸ் கிட்டார் வாசித்தவர் கிள்ளானில் ஒரு பட்டறைக்காரரின் மகன். டிரம்ஸ் அடித்தவன் கேரி தீவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பையன். மோட்டார் சைக்கிளில் வருவான். கை இரண்டிலும் செம்பனை முள் கீறிய தழும்புகள். லீட் வாசித்தவன் பிரிக்ஃபீல்ட்ஸில் கடை வைத்திருந்த குடும்பம். நல்ல கிட்டார், நல்ல முகம், நல்ல முடி. மேடையில் அவன் பெயரைத்தான் கூட்டம் கத்தும். பாட்டுகளின் அடிப்படை முழுவதும் அண்ணன் உண்டாக்கியது. அதை யாரும் மறுத்ததில்லை, யாரும் சொன்னதுமில்லை.

அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. மற்ற குழுக்களில் கிட்டார்காரர்கள் டிரம்ஸைக் கேட்டுத்தான் வாசிப்பார்கள். இங்கே டிரம்மர் அண்ணனின் வலது கையைப் பார்த்துத்தான் அடிப்பான். வாடகைக்கு எடுத்துப் பழகிய ஜாமிங் அறைகளில் சத்தம் எல்லாம் ஒரே இரைச்சலாக இருக்கும். காதை நம்ப முடியாது. ஆகவே கண்ணை நம்பினான். கை விழும்போது இவன் குச்சியும் விழும். அதற்காக அண்ணன் மேடையில் எப்போதும் டிரம்ஸைப் பார்த்துத் திரும்பி நின்றான். கூட்டத்துக்குத் தெரிந்தது அவன் முதுகுதான்.

அந்த வருடம் அவர்கள் மூன்று பாட்டுகள் கொண்ட ஒரு டெமோ கேசட் பதிவு செய்வதாக இருந்தார்கள். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு ஸ்டூடியோவை ஒரே ஒரு நாளுக்கு, ஒரு சனிக்கிழமைக்குப் பிடித்திருந்தார்கள். அண்ணனுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மேடையில் முதுகாக இருந்தாலும், கேசட்டில் காதாவது தன்னைக் கேட்கும் என்று அவன் நினைத்தான். என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான்: "என் அடி அதுல விழணும். அவ்ளோதான்."

பதிவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு மண்டபத்தில் ஷோ. பிற்பகல் இரண்டு மணி வெயிலில் கறுப்புச் சட்டைகள் வரிசையில் நின்றன. நான் மேடைக்குப் பக்கத்தில் உதிரி ஃபியூஸ், சால்டரிங் அயர்ன், டேப், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டு நின்றேன். மேடைக்கு முன்னால் பையன்கள் வட்டமாக ஓடித் தோளால் தோளை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து நான் பயந்ததில்லை. ஒருவன் விழுந்தால் நாலு கை தூக்கிவிடும். வாய் கிழிந்தவனும் சிரித்துக்கொண்டுதான் எழுவான். அடிகளில் சம்மதத்தோடு விழுபவை உண்டு, சம்மதமில்லாமல் விழுபவை உண்டு. அந்த வட்டத்துக்குள் விழுந்தவை எல்லாம் முதல் வகை.

இரண்டாம் வகை பின்கதவு வழியாக வந்தது. பழைய சண்டை ஏதோ ஒன்றுக்குப் பதில் சொல்ல ஒரு கூட்டம் ஹெல்மெட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தது. தலையில் போடுவதற்கு அல்ல. தாடைப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு சுழற்றினால் ஹெல்மெட் ஒரு நல்ல ஆயுதம். முதல் ஆள் விழுந்தபோது அதுவும் ஆட்டம் என்றுதான் பலர் நினைத்தார்கள். அவன் எழவில்லை. அவன் பல் ஒன்று ஸ்பீக்கருக்கு முன்னால் வந்து விழுந்ததைப் பார்த்தேன். பிறகு மடக்கு நாற்காலிகள் பறந்தன.

அந்தக் காலத்து ஷோக்களில் ஒரு விதி இருந்தது: சண்டை வந்தால் வாசிப்பதை நிறுத்தக்கூடாது. இசை நின்றால் ஒருவருக்கொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆள் தேடி அடிப்பார்கள். இசை இருந்தால் யார் எங்கே என்று தெரியாமல் பாதிப் பேர் ஓய்ந்துவிடுவார்கள். லீட் இந்த விதியை மறந்தான். கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கிட்டாரைப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினான். கீழே கிடந்த கேபிள் முனையால் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப் கோரமாக அலறியது. நான் போய் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பியபோது பேஸ்காரரும் மேடையில் இல்லை. அண்ணனும் டிரம்மரும் மட்டும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வரி. திரும்பத் திரும்ப. அந்த மண்டபத்தில் அடித்துக்கொண்டிருந்த எல்லாரையும்விட அவர்கள் பலமாக அடித்தார்கள்.

நாற்காலி ஒன்று வந்தது. அண்ணனுக்கு முதுகுப் பக்கமாக வந்ததால் அவன் பார்க்கவில்லை. அதன் இரும்புக் கால் தோளைத் தாண்டி வந்து அவன் புருவத்தைக் கிழித்து, கிட்டார் கழுத்தைப் பிடித்திருந்த இடது கைமேல் இறங்கியது. சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கியதைப் பார்த்தேன். அவன் வாய் திறந்தது, சத்தம் கேட்கவில்லை. வலது கை ஓர் அடியும் தவறவில்லை.

வெளியே போலீஸ் வண்டி வந்த பிறகு கூட்டம் கலைந்தது. தரையில் ஒற்றைச் செருப்புகளும் ரத்தமும் கொட்டிய சிவப்பு சிராப்பு சர்பத்தும் கிடந்தன. பக்கத்துத் தெரு கிளினிக்கில் புருவத்துக்குத் தையல் போட்டு, உடைந்த விரலுக்குத் தகடு வைத்துக் கட்டினார்கள். கையை அசைக்காமல் வைத்திருக்கச் சொன்னார் டாக்டர். அண்ணன் தலையாட்டினான். டிரம்மர் வெளியே என்னிடம் கேட்டான்:

"அக்கா, எந்தக் கையி?"

"இடது."

"அப்பாடா. அவன் வலது கையி போயிருந்தா நான் தோட்டத்துக்கே திரும்பிப் போயிருப்பேன் லா."

வீட்டில் அப்பா வாசலில் இருந்தார். காலையில் மகன் ஆராதனைக்கு வரவில்லை. மாலையில் ரத்தச் சட்டையோடு வருகிறான். அவர் இடுப்பு பெல்ட்டை உருவினார்.

"கைய நீட்டு," என்றார்.

அண்ணன் தகடு கட்டிய கையைப் பார்த்தான்.

"அந்தக் கையில்ல. நல்ல கைய நீட்டு."

நான் நடுவே போனேன். "வலது கையி வேணாம்ப்பா. சனிக்கிழமை அவனுக்கு வேல இருக்கு."

"என்னா வேல? பேயி மாதிரி கத்துற வேலையா?"

அண்ணன் என்னைப் பக்கத்தில் ஒதுக்கினான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். முதுகைக் காட்டினான். கை இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டான். அப்பா ஒரு கணம் நின்றார்; பிறகு அடித்தார். பக்கிள் பட்ட இடம் எல்லாம் தடித்துச் சிவந்தது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முனகினான். அன்று மண்டபத்தில் வாசித்த அதே வரிதான்.

வாரத்தின் நடுவில் லீட் வீட்டுக்கு வந்தான். கையில் ஆரஞ்சுப் பழங்கள். நோயாளியைப் பார்க்க வந்தவன் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"மச்சான், யோசிச்சுப் பாத்தேன். உனக்குக் கையி சரியில்ல. ஒரே ஒரு நாள்தான் ஸ்டூடியோ. ரிதமையும் நானே அடிச்சிடுறேன். வெளிநாட்டுல பாதி பேண்டு அப்படித்தான் செய்றாங்க, தெரியும்ல? ஒரே கையி ரெண்டு தடவ அடிச்சா சுத்தமா இருக்கும்."

அவன் சொன்னது பொய்யில்லை. ரிதம் கிட்டாரை இரண்டு முறை பதிவு செய்து, ஒன்றை இடது ஸ்பீக்கரிலும் மற்றதை வலது ஸ்பீக்கரிலும் வைப்பது வழக்கம். இரண்டையும் ஒருவரே வாசித்தால் நன்றாகப் பொருந்தும். பல குழுக்களில் அந்த ஒருவர் லீட்தான். மேடையில் ரிதம் வாசிப்பவர் கேசட்டில் இருக்கவே மாட்டார்.

"சண்டையில ஓடினவன் நீ," என்றேன்.

"கிட்டார காப்பாத்துனேன் அக்கா. அது என்னா விலன்னு தெரியுமா?"

அண்ணன் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தான். "சனிக்கிழமை நானும் வரேன்," என்றான்.

ஸ்டூடியோ ஒரு கார் பட்டறைக்கு மேல்மாடி. சுவரெல்லாம் முட்டைத் தட்டுகள். உரிமையாளர் ஒரு சீனர். எல்லாரும் பாஸ் என்று கூப்பிட்டார்கள். மலாயில்தான் பேசினோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எட்டு தடங்களில் பதிவு செய்யும் பெரிய டேப் மெஷின். நான் முதலில் பார்த்தது அதைத்தான். சுத்தமாக வைத்திருந்தார்.

முதலில் டிரம்ஸைப் பதிவு செய்ய வேண்டும். டிரம்மருக்கு வழிகாட்ட ஒரு கிட்டார் கூடவே வாசிக்கும். அதன் பெயர் கைடு. டிரம்ஸ் முடிந்ததும் அந்த கைடை அழித்துவிட்டு, அந்தத் தடத்தில் நிஜமான கிட்டாரைப் பதிவு செய்வார்கள். லீட் கைடு வாசித்தான். டிரம்மர் தொடங்கினான், தடுமாறினான், நின்றான். மறுபடி தொடங்கினான். குச்சியைத் தூக்கிச் சுவரில் எறிந்தான்.

"என்னடா ஆச்சு?" என்றான் லீட்.

"உன் கையி மேலயும் போவுது, கீழயும் போவுது. எதப் பாத்து நான் அடிக்கிறது? மீன் துள்ளுற மாதிரி இருக்கு."

"காதுல கேட்டு அடி லா!"

"எனக்குக் கேட்டு அடிக்கத் தெரியாது. பாத்துத்தான் அடிப்பேன். அவன நிக்கச் சொல்லு."

லீட் அண்ணனைப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கினான். "சரி, கைடுதானே. அடிச்சிட்டுப் போகட்டும்."

அழிக்கப்படுவதற்காக வாசிக்க வேண்டும். அண்ணன் எழுந்து கிட்டாரை மாட்டிக்கொண்டான். டிரம்மருக்கு ஹெட்போன் போதவில்லை. சத்தம் நெஞ்சில் படவேண்டும் என்றான். ஆகவே அண்ணனின் ஆம்பை டிரம்ஸ் அறையிலேயே வைத்தார்கள். பாஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எச்சரித்தார்: அறையில் கிட்டார் சத்தமாக இருந்தால் டிரம்ஸ் மைக்குகளிலும் அது கசியும். லீட் கையை ஆட்டினான்.

"பரவால்ல பாஸ். அப்புறம் நான் மேல வாசிச்சு மூடிடுறேன்."

அது அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். பாஸுக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் டேப் மெஷினைப் பார்த்தேன்.

அண்ணன் வாசித்தான். மெட்டலின் தடித்த கார்டுகளுக்கு, அதாவது சேர்த்து அடிக்கும் சுரங்களுக்கு, இடது கையில் இரண்டு விரல்கள் போதும். தகடு கட்டிய சுண்டுவிரல் கிட்டாரின் கழுத்துக்கு வெளியே ஆணி போல நீட்டிக்கொண்டிருந்தது. கை இடம் மாறும்போதெல்லாம் கம்பியில் இடித்தது. ஒவ்வோர் இடிக்கும் அவன் கண் மூடித் திறந்தது. புருவத்துத் தையலில் வியர்வை இறங்கி நூல் ஓரமாக ரத்தம் கசிந்தது. வலது கை விழுந்தது, விழுந்தது, விழுந்தது. டிரம்மர் அந்தக் கையையே முறைத்துக்கொண்டு, யாரையோ கொல்ல வந்தவன் போல அடித்தான். முட்டைத் தட்டு ஒன்று சுவரிலிருந்து கழன்று விழுந்தது. மூன்று பாட்டுகளையும் நிறுத்தாமல் முடித்தார்கள். டிரம்மர் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கொப்புளங்கள் உடைந்து தோல் தொங்கியது.

பிறகு லீட் போய் உட்கார்ந்தான். பாஸ் சிவப்பு விளக்கைப் போட்டார். டேப் மெஷினில், பதிவு செய்யும் ஹெட்டுக்கு முன்னால் அழிக்கும் ஹெட் ஒன்று இருக்கும். அண்ணன் அப்போதுதான் அடித்து முடித்தது அதன் அடியில் போனது. மறுபக்கம் வெறும் நாடாவாக வந்தது. அண்ணன் கண்ணாடியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் அந்த ஹெட்டைக் காட்டவில்லை. எது அது என்று அவன் கேட்கவுமில்லை.

லீட் இரண்டு தடங்களையும் வாசித்து முடித்தான். தவறு என்று எதையும் சொல்ல முடியாது. பாஸ் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டார்.

இரண்டு பேர் ஒரே கதவைத் தட்டினால், ஒருவர் கொஞ்சம் முந்தியும் ஒருவர் கொஞ்சம் பிந்தியும் தட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒவ்வோர் அடியும் வழுக்கியது. பாஸ் லீட்டின் தடங்களை மூடினார். டிரம்ஸ் மட்டும் ஓடியது. அதற்குள்ளிருந்து அண்ணனின் அடி கேட்டது. சிம்பல் தட்டுக்குப் பின்னாலிருந்து, டிரம்ஸின் வயிற்றிலிருந்து, அடுத்த அறையில் அடைத்துவைத்த ஆள் சுவரை இடிப்பது போல.

"அத எடுங்க," என்றான் லீட்.

"தக் போலே லா," என்றார் பாஸ். முடியாது. டிரம்ஸ் மைக்கில் ஏறியதை டிரம்ஸோடுதான் அழிக்க முடியும். டிரம்ஸை மறுபடி அடிக்க வேண்டும். டிரம்மர் கைகளைத் தூக்கி அவரிடமும் காட்டினான்.

"அப்ப என் கிட்டார சத்தமா வையுங்க. அவன் அடி கேக்கக்கூடாது."

பாஸ் வைத்துக் காட்டினார். சத்தம் கூடியது, சண்டையும் கூடியது. அவர் மெஷினை நிறுத்தினார். உள்ளே கசிந்திருப்பவர் மேலேயும் வாசித்தால் சரியாக உட்காரும், வேறு வழியில்லை என்றார். கோபமில்லாமல் சொன்னார்.

லீட் அண்ணன் பக்கம் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது.

"வேணும்னுதானே பண்ண? வேணும்னுதானே ஆம்ப அங்க வச்ச?"

"நீதான் பரவால்லன்ன."

"நாடகம் ஆடுற. ஒடிஞ்ச கைய வச்சுக்கிட்டு நாடகம் ஆடுற, நாயே," என்று சொல்லிக்கொண்டே தகடு கட்டிய விரலைப் பிடித்து முறுக்கினான்.

அண்ணன் அலறிய அலறலில் கீழே பட்டறையில் சுத்தியல் நின்றது. அவன் வலது கை முஷ்டியாகி மேலே போனது. அந்தக் கை விழுந்தால் எங்கே விழும், பல்லிலா தாடை எலும்பிலா, விரல் கணுக்களில் எது உடையும் என்பதெல்லாம் எனக்கு வரிசையாகத் தோன்றியது.

"கையால வேணாம்!" என்று கத்தினேன்.

அண்ணன் நிறுத்தினான். முஷ்டி காற்றில் நின்றது. பிறகு தலையைப் பின்னால் இழுத்து நெற்றியால் லீட்டின் மூக்கில் இடித்தான். தேங்காய் உடைவது போல ஒரு சத்தம். லீட் ஒலி மிக்ஸர்மேல் சாய்ந்தான். பாஸ் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார்: "மெஷின்! மெஷின்!" நானும் டிரம்மரும் லீட்டை இழுத்து நாற்காலியில் போட்டோம். சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். அண்ணனின் புருவத் தையலும் பிரிந்திருந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். லீட் எழுந்து படியிறங்கிப் போனான்.

"நேரம் போவுது," என்றான் டிரம்மர்.

அண்ணன் உள்ளே போனான். நான் ஒட்டும் டேப்பைச் சுற்றிச் சுண்டுவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினேன். டிரம்மர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று அவன் கையையே பார்த்தான். இடது தடம். வலது தடம். பாஸ் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டபோது, கசிந்ததும் பதிந்ததும் ஒன்றாகச் சேர்ந்து, எத்தனை பேர் அடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. என் காலடித் தரை அதிர்ந்தது. பாஸ் முள் சிவப்புக்குப் போன மீட்டரை மட்டும் கொஞ்சம் இறக்கினார்.

மாலையில் லீட் திரும்பி வந்தான். கீழே காப்பிக் கடையில் பிளாஸ்டிக் பையில் ஐஸ் வாங்கி மூக்கில் வைத்திருந்தான். மூக்குத் துவாரங்களில் டிஷ்யூ. உட்கார்ந்து மூன்று சோலோக்களையும் வாசித்தான். ஆத்திரத்தோடு வாசித்ததாலோ என்னவோ, அவன் வாசித்ததிலேயே சிறந்தவை அவை. இதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் முடித்தபோது அண்ணன் "நல்லாருக்கு" என்றான். லீட் "தெரியும்" என்றான்.

கேசட் அட்டையை அச்சடிக்கக் கொடுத்தவன் லீட். வந்தபோது திருப்பிப் பார்த்தேன். கிட்டார் என்று இருந்த இடத்தில் அவன் பெயர் மட்டும். அண்ணன் பெயர் பின்பக்கம், நன்றி சொன்ன இடத்தில், ஸ்டூடியோ பாஸுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் 'ஆம்ப் ரிப்பேர்' என்று போட்டிருந்தார்கள். அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

"அவன் வீட்டுக்குப் போறேன்," என்றேன்.

"போயி என்னா பண்ணுவ?"

"நெத்தியால இடிப்பேன்."

அண்ணன் சிரித்தான். "உனக்கு மூக்குக் கண்ணாடி உடையும் லா. கேசட்டப் போடு."

போட்டேன். அவன் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டான். முதுகுத் தழும்பு பட்டதும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தான். முதல் பாட்டில் சோலோ வந்தபோது அவன் அதைக் கேட்கவில்லை. அதற்கு அடியில் ஓடிக்கொண்டிருந்ததைத்தான் கேட்டான். அவன் தலை திரும்பிய விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. இரண்டாவது பாட்டில் பக்கத்து வீட்டு அங்கிள் சுவரைத் தட்டினார். பிறகு செருப்பால் அடித்தார். "டேய், யார சாகடிக்கிறீங்க உள்ள?" என்று கத்தினார்.

அண்ணன் கையை நீட்டிச் சத்தத்தை இன்னும் கூட்டினான்.